'கிராஷ்' பார்த்தேன், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

"நான் இருக்கிற ஊரைப் புரிஞ்சுக்கணும்னா இதைப் பாருங்கப்பா" என்று லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நீ சொன்ன 'கிராஷ்' படத்தைப் பார்த்தோம். அம்மா பாதியில் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் வாயைத் திறக்கிறவர்கள் எல்லோரும் இனத்தைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள். நிஜத்தில் இது இவ்வளவு சத்தமாகவா வரும்? "வீட்டுக்கு இப்பத்தான் அட்வான்ஸ் வாங்கினோம்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்களே, அப்படித்தானே வரும்! அப்புறம் மாட் டில்லன் நடித்த போலீஸ்காரர். கணவன் கண்ணெதிரே ஒரு பெண்ணைச் சோதனை என்ற பேரில் கண்ட இடத்தில் தொடுகிறார். மறுநாள் தீப்பிடிக்கும் காரிலிருந்து அவளையே காப்பாற்றுகிறார். எல்லோரும் மெச்சும் காட்சி, எனக்கு ஒப்பவில்லை. அதனால் முந்தின ராத்திரி செய்தது இல்லையென்று ஆகிவிடுமா? 2006-இல் 'புரோக்பேக் மவுன்டன்' இருக்க, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் இதற்குப் போனதைப் பலர் இன்னும் பொருமுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த ஈரானியக் கடைக்காரரை மறக்க முடியவில்லை. பூட்டை மாற்ற வந்த பையன், "பூட்டு சரி, கதவைத்தான் சரிசெய்ய வேண்டும்" என்கிறான். இவருக்கு இங்கிலீஷ் அரைகுறை, சந்தேகமோ முழுசு. ஏமாற்றுகிறான் என்று கத்துகிறார். அன்றிரவே கடை சூறையாடப்படுகிறது. அரபுக்காரர்கள் என்று நினைத்துச் சுவரில் வசை எழுதிவிட்டுப் போகிறார்கள். பாரசீகர்கள் எப்போது அரபுகள் ஆனார்கள் என்று கேட்டபடி மனைவி அதைத் தேய்க்கிறாள். கதவைச் சரிசெய்யவில்லை என்று இன்சூரன்ஸும் கைவிரிக்கிறது. துப்பாக்கியோடு அந்தப் பையன் வீட்டுக்கே போய் நிற்கிறார். சுட்டும் யாரும் சாகவில்லை. ஏனென்றால் துப்பாக்கி வாங்கிய அன்றே அவருடைய மகள் சத்தம் மட்டும் போடும், குண்டு பாயாத வெற்றுத் தோட்டா உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கியிருக்கிறாள். அப்பாவின் கோபத்தை அறிந்த பெண். அவள் யாரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லவும் இல்லை.

இன்னொரு குறை. கொரியர்களுக்கு அந்தப் படத்தில் கிடைத்தது ஆள் கடத்தும் ஒரு வேன்தான். 1991-இல் 15 வயதுக் கறுப்பினப் பெண் லட்டாஷா ஹார்லின்ஸை ஒரு ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலுக்காகக் கொரியக் கடைக்காரப் பெண்மணி சுட்டுக் கொன்றார்; ஜெயில் தண்டனை இல்லை. மறு வருடம் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையானதும் ஊர் பற்றி எரிந்தது. 50 பேருக்கு மேல் செத்தார்கள். 2,000-க்கும் அதிகமான கொரியர் கடைகள் நாசம். இவ்வளவையும் விட்டுவிட்டு அந்த ஊரின் கதையை எப்படிச் சொல்வது?

நீ காய்கறி வாங்கும் கொரியாடவுன் கடைப் பெரியவர் அப்போது அங்கே இருந்தாரா? பழக்கம் வந்த பிறகு பக்குவமாகக் கேட்டு எழுது. அவராகச் சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடு.

போலீஸ் எங்காவது காரை நிறுத்தினால் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொள். அம்மா எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா