சாய்தளம் வாசலோடு நின்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாள். எந்த ஆண்டானாலும் அது, கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில்தான் வரும். கிறிஸ்துமஸுக்காக வெள்ளையடிப்பு நடந்து, கொத்தனாரும் தச்சரும் ஆலய வளாகத்திலேயே இருக்கும் சமயம். மாற்றுத்திறனாளிகளுக்காக ஆலயத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்களின் வரையறையில் சமயக் காரியங்களுக்கான கட்டடங்களையும் சேர்த்திருக்கிறது. ஆலயங்களில் படிக்குப் பதிலாகச் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளங்களும் வரத் தொடங்கிவிட்டன. ஆனால் பல இடங்களில் அது ஸ்பீக்கர் பெட்டி தள்ளத்தான் உதவுகிறது. கணக்கு எளிது: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் 18 அடி வேண்டும். இடமில்லை என்று ஆறடியில் முடித்தால், தானே உருட்டி வருபவரின் நாற்காலி பின்னுக்குச் சாயும். அகலம் 4 அடி, இருபுறமும் கைப்பிடி. மினுமினுக்கும் டைல்ஸ் வேண்டவே வேண்டாம். ஐப்பசி மழையில் ஊன்றுகோல் வழுக்கிவிடும். சிமென்ட் காயுமுன் துடைப்பத்தால் குறுக்கே இழுத்துவிட்டாலே பிடிமானம் கிடைக்கும். அடிமுனையில் இரண்டு அங்குல விளிம்பு விட்டுவிடுவது கொத்தனார்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. முன்சக்கரம் அங்கேயே முட்டி நிற்கும். ஞாயிறு காலையில் அதே இடத்தில் பைக்குகளை நிறுத்துவது நம் தவறு.

இதெல்லாம் சரியாக இருந்தும் உள்ளே வந்தவர் கடைசித் தூணருகே தனியாக இருக்கிறார் என்பதே எங்கள் ஆதங்கம். நடுப்பாதை ஓரம் அடுத்தடுத்த இரண்டு பெஞ்சுகளை மூன்றடி குறைத்தால் சக்கர நாற்காலி தாராளமாக நிற்கும்; வீட்டார் பக்கத்திலேயே அமரலாம். முதல் வரிசையில் இதைச் செய்தால் எல்லார் பார்வையும் அவர்மேல்தான் இருக்கும். மூன்றாவதோ நான்காவதோ நல்லது.

பைபிள் வாசிக்கும் மேடை பீடத்தின் படிகளுக்கு மேலே இருப்பதால், கால் இயலாதவர் பெயரை வாசிப்போர் பட்டியலில் யாரும் எழுதுவதே இல்லை. படிக்குக் கீழே ஒரு தாழ்ந்த ஸ்டாண்டும் வளைகிற மைக்கும் இருந்தால் போதும். பார்வையற்றவர் வாசிக்கத் தடை வேறு விதம். வாசகப் பகுதியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அவர் கைப்பேசியில் எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் பெரும்பாலும் அதைப் ‘படம்’ என்று மட்டும் சொல்லும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த சபை அறிக்கையோ வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக ஒலிக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்து எழுத்தாகவே அனுப்புங்கள்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களில், அப்பமும் இரசமும் தரும் திருவிருந்து நேரம் இன்னும் சங்கடமானது. எல்லாரும் பீடத்தின் கம்பியருகே முழங்காலிட்டு வாங்கி முடித்த பிறகு, குரு கடைசியில் இறங்கி வந்து இவருக்குத் தனியாகத் தருகிறார். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் வரிசை மேலே முழங்காலிடும்போதே, ஏற முடியாதவர்களைப் படியடியில் சேர்த்து நிறுத்தினால் அவர்களும் அதே பந்தியில் இருப்பார்கள். முழங்கால் தேய்ந்த பாட்டிமாரும் அங்கே வந்து சேர்வார்கள், பாருங்கள்!

பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் மிஷனரிகளான ஆஸ்க்வித், சுவைன்சன் அம்மையார்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பள்ளி தொடங்கிய மரபு நம்முடையது. அந்த மரபுக்கேற்ப, ஆராதனையில் காது கேளாதோரையும் நினைக்க வேண்டும். சைகைமொழி பெயர்ப்பாளரை ஜன்னலுக்கு முன் நிறுத்தினால் முகம் இருட்டாகி உதட்டசைவும் கையும் தெரியாது; பிரசங்கபீடத்தின் அருகே, முகத்தில் வெளிச்சம் விழும்படி நிறுத்த வேண்டும். கத்தோலிக்கருக்கு ஒரு செய்தி: பெயர்ப்பாளர் வழியாகப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யத் திருச்சபைச் சட்டத்தின் 990ஆம் விதி இடம் தருகிறது. இரகசியம் காக்கும் கடமை அந்தப் பெயர்ப்பாளருக்கும் உண்டு. பல பங்குகளில் (ஆலய வட்டாரங்களில்) இது தெரியாமலே காலம் போகிறது.

சபையார் கூடி உண்ணும் அசனத்தன்று மணலில் சக்கரம் புதையும். ஆகவே வீட்டுக்குத் தூக்குவாளியில் சோறு போய்விடுகிறது. சோற்றை அனுப்பிவிட்டால் அசனம் ஆகிவிடுமா? பந்தல் வரை நான்கைந்து பிளைவுட் பலகைகளைப் பரப்பி, முழங்கால் நுழையும் உயரத்தில் மேசை போட்டு, அதே மேசையில் மற்றவர்களும் உட்கார வேண்டும். வருடத்துக்கு ஒரு ஞாயிறு முன்னால் அழைத்துச் சால்வையும் அரிசிப் பையும் தருவதைவிட இது மேல்.

கடைசியாக, ஆலயக் காரியங்களைக் கவனிக்கும் குழுக்களான சேகர கமிட்டியும் பங்குப் பேரவையும். இவற்றின் கூட்டம் பெரும்பாலும் மாடி அறையில்தான் நடக்கிறது. மாடி ஏற முடியாதவர் தேர்தலில் நிற்பதற்கே யோசிக்கிறார். கூட்டத்தைக் கீழே நடத்த ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பிலேயே இடத்தை மாற்றி எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
ஆலயக் கட்டடப் பணிகளில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
திருநெல்வேலி