செட்டிநாட்டில் கிராம சபை கூட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

‘ஊரணியைத் தூர்வாரத் தீர்மானிக்கப்பட்டது.’ எந்த வரத்துக்கால் (ஊர்க்குளமான ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்), எவ்வளவு ஆழம், எப்போது சரிபார்ப்பது என்று எதுவும் இல்லாமல் இப்படி எழுதினால், தீர்மானம் பலித்ததா பொய்த்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு கருத்தை அதன் விளைவை வைத்தே எடைபோடு என்பது நடைமுறைவாதம் என்னும் மெய்யியல். அந்த வழியில் வந்த அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி 1927-ல் சொன்னார்: செருப்பு எங்கே கடிக்கிறது என்பது போட்டிருப்பவனுக்குத்தான் தெரியும், சரிசெய்யும் விதம் தைப்பவனுக்குத் தெரியும். எந்தப் படிக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் குடத்தில் சேறு ஏறும் என்பது மொள்ளுகிறவருக்குத் தெரியும். கால்வாயின் சரிவை ஓவர்சியர் சொல்லட்டும். ஆனால் செலவு மதிப்பீடு முதலில் தயாராகி, கேள்வி பின்னால் வந்தால் சபை வெறும் கையெழுத்துப் போடும் இடம்தான்.

ஆகவே மே 1 சபையில் தீர்மானத்தை ஓர் அனுமானமாக எழுதுங்கள்: ‘இந்த அடைப்பை எடுத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பத்தாவது படி நனையும்.’ அந்தப் படியில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். ஆகஸ்ட் 15-ல் வேலையைப் பாருங்கள், ஜனவரி 26-ல் கோட்டைப் பாருங்கள். நனையவில்லையா? யாரையும் ஏச வேண்டாம், அடுத்த அடைப்பைத் தேடுங்கள். அக்டோபர் 2-க்குத் தள்ளிப்போட்டால் மழை முந்திக்கொள்ளும்.

இனி, யாரைக் கேட்பது? 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் சபை செல்லும். அந்த நூறும் ஒரே தெருவாக இருந்தாலும் சட்டப்படி குறையில்லை! வருகையைத் தெருவாரியாக எண்ணுங்கள். ஊரணிப் படியில் கால்வைக்க விடாமல் ஒரு காலத்தில் நிறுத்தப்பட்டவர்களின் தெரு முதலில் பேசட்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டூயியிடம் படித்த அம்பேத்கர், 1936-ல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதியபோது, மக்களாட்சி என்பது முதன்மையாகக் கூடிவாழும் முறை என்றார். ‘ஊர் வழக்கம்’ என்று ஒருவர் வாயை அடைப்பதை, நம்பிக்கையைக் காக்கும் வழிகளை 1877-லேயே வகைப்படுத்திய பியர்ஸ் (நடைமுறைவாதத்தின் முன்னோடி) அதிகாரத்தால் காக்கும் வழியில் சேர்த்திருப்பார்.

பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளையும் விடாதீர்கள். பங்காளிகள் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கலாம், இங்கே வாக்கும் இல்லாமல் போகலாம். ஆனாலும் அந்த வளவுக் (நடுமுற்றத்துக்) கூரைத் தண்ணீர் தெரு வாய்க்கால் வழியே ஊரணிக்கு வரவேண்டியது. பின்கட்டு வாய்க்காலில் கட்டுமானக் குப்பை கிடந்தால் ஊரணி வறளும். விளைவு தொடுகிற எல்லோரும் பொதுமக்கள்தான் என்பது டூயியின் கணக்கு. சபைக்கு முன்பே தொலைபேசியில் கேட்டு, பதிலை வாசியுங்கள்.

அடுத்த சபை அறிவிப்பில், போன தீர்மானத்தையும் அதன் முடிவையும் இரண்டு வரியில் சேர்த்து அச்சிட்டு, கடைசித் தெருவின் டீக்கடையிலும் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரத்து மெய்யியல் வாசகர்கள் சிலர்