மண் எடுக்கும் முன் மரத்தையும் எண்ணுங்கள்

இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலை, பீர்மேடு தாலூகா ஏலக்காய் விவசாயிகள் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஏலத்தோட்டம், தேயிலை, தைலமரம், காட்டோரம் என்று எல்லா மண்ணையும் ஒரே பையில் கலந்து பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். அப்படி வரும் ரிசல்ட் எந்த நிலத்துக்கும் பொருந்தாது. நிழல் மரத்தைக் குறைக்கலாமா என்று முடிவெடுக்க, ஒவ்வொரு வகை நிலத்தின் மண்ணையும் மரத்தையும் தனித்தனியே எடுத்து ஒப்பிட வேண்டும்.

மலை மண் வளமானது, நிழலைக் குறைத்தாலும் தாங்கும் என்று ஜாவாவைக் காட்டிச் சொல்வது நமக்குச் செல்லாது. அங்கே எரிமலைச் சாம்பலில் பிறந்த மண். அதிலுள்ள அலோஃபேன் என்ற களிக்கனிமம் மட்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஈரமாக எடுத்து விரலிடையில் தேய்த்தால் சட்டென்று வழுக்கும். காய்ந்த மண் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம்கூடத் தேறாது. நம்முடையது சார்னோக்கைட் வகைப் பாறை காலகாலமாக மழையில் சிதைந்து வந்த மண். இதிலுள்ள கயோலினைட் களிக்குச் சத்தைப் பிடித்துவைக்கும் சக்தி குறைவு. அந்த வேலையை இங்கே மட்குதான் செய்கிறது, மட்குக்கு வழி சருகு. நிழல் மரத்தை வெட்டினால் சருகும் போகும், மழை நேரே மண்ணில் அடிக்கும்.

ஒப்பிடும் இடங்கள் ஒரே உயரத்தில், ஒரே சரிவில் இருக்கட்டும். காடு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் செங்குத்துச் சரிவில்தான். அதைச் சமமான தேயிலைத் தோட்டத்தோடு வைத்துப் பார்த்தால், சரிவு செய்ததை மரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். ஒரே தோட்டத்தில் பத்துக் குழி எடுத்தாலும் அது ஒரு தோட்டம்தான், பத்துத் தோட்டம் ஆகாது.

மரத்துக்கு 20க்கு 20 மீட்டர் கயிறு கட்டுங்கள். மார்பு உயரத்தில் சுற்றளவு 30 சென்டிமீட்டருக்கு மேலுள்ள ஒவ்வொன்றையும் பெயரோடு எழுதுங்கள். அதற்குள்ளேயே 5க்கு 5ல் புதரும் கன்றும், 1க்கு 1ல் செடியும் புல்லும். பரப்பு கூடினால் இனமும் கூடும் என்பதால் எல்லா இடத்திலும் இதே அளவு வேண்டும். களை எடுத்த கையோடு எண்ணப் போகாதீர்கள். ஏக்கருக்கு எத்தனை மரம் என்பது மட்டும் போதாது. சில்வர் ஓக் மட்டும் நிற்கிற இடமும், பலா, சந்தனவேம்பு, முருக்கு கலந்து நிற்கிற இடமும் ஒன்றல்ல. முருக்கு இலை சீக்கிரம் மட்கித் தழைச்சத்து தரும், சில்வர் ஓக் சருகு மெல்லத்தான் மட்கும். கலந்து நின்றால் தரை வெறுமையாகக் கிடக்காது.

மண்ணை 'வி' வடிவில் 20 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் சீவி எடுங்கள். ஏலத்தில் உரம் விழும் வட்டம் தனி, வரிசை நடு தனி. உரமோ சுண்ணாம்போ போட்டு மூன்று மாதம் ஆகாத இடம் வேண்டாம். பிளாஸ்டிக் வாளி நல்லது. துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் போட்டால் துத்தநாக அளவு கெட்டுவிடும். நிழலில் உலர்த்தி, கால்பங்கு முறையில் (மண்ணைப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, திரும்பத் திரும்பக் குறைத்து) அரைக்கிலோ ஆக்குங்கள்.

பலரும் விடுவது பருமன் அடர்த்தி, அதாவது ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில் எத்தனை கிராம் காய்ந்த மண் என்பது. 5 சென்டிமீட்டர் விட்டமும் 5 சென்டிமீட்டர் உயரமும் உள்ள இரும்புக் குழாயை மண்ணில் நேராக இறக்குங்கள். கொள்ளளவு 98 கன சென்டிமீட்டர். அந்த மண்ணை 105 டிகிரியில் ஒருநாள் உலர்த்தி, எடையை 98ஆல் வகுக்க வேண்டும். இது இல்லாமல் கரிமக் கணக்கு ஏமாற்றும். 20 சென்டிமீட்டர் ஆழத்தில் கரிமம் 2 சதவீதம் என்றால், அடர்த்தி 1.0 உள்ள மண்ணில் ஹெக்டேருக்கு 40 டன், மிதிபட்டு 1.2 ஆன மண்ணில் 48 டன். அடர்த்தி தெரிந்தாலும், சம ஆழத்தில் ஒப்பிட்டால் இறுகிப்போன மண்ணே வளமானதாகத் தெரியும்! சம ஆழத்தை விட்டுச் சம எடை மண்ணை ஒப்பிடுவதே சரி.

மைலாடும்பாறையிலும் பாம்பாடும்பாறையிலும் ஏலத்துக்கான ஆராய்ச்சி நிலையங்கள் நம் மலையிலேயே இருக்கின்றன. முன்கூட்டியே பேசி, அமில மண்ணுக்கு ஏற்ற பிரே என்ற பரிசோதனை முறையில் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பார்க்கச் சொல்லுங்கள். அழுகல் நோய்க்கு வருஷாவருஷம் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடித்த தோட்டம் என்றால் செம்பும் பார்க்க வேண்டும், அது மேல்மண்ணிலேயே தங்கிவிடும்.

மே மாதம் நிழல் மரக் கிளைகளைக் கவாத்துச் செய்ய ஆள் இறங்குவதற்கு முன், ஏப்ரலிலேயே இந்த வேலையை முடியுங்கள். ரிசல்ட் கையில் வரும்வரை எந்தத் தோட்டத்திலும் நிழல் மரத்தை அடியோடு வெட்ட வேண்டாம் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இடுக்கி மலையின் மண்ணையும் மரத்தையும் கவனித்துவருவோர்