தோளுக்கு அனுப்பிய பணம்

கண்ணு,

நேற்று வீடியோவில், வெள்ளியை உருட்டித் தகடாக்குகிற நம் கை மிஷினில் மோட்டார் மாட்டியிருப்பதைப் பார்த்ததும் நீ போட்ட சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. போனில் பதில் சொல்ல வந்தால் குறுக்கே குறுக்கே பேசுகிறாய். அதனால் எழுதுகிறேன். பாப்பா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் தோளுக்கு ஸ்கேன் எடுக்க நீ அனுப்பிய பணத்தில்தான் கியர்பாக்ஸ் வாங்கினோம். உங்க அப்பாவைத் திட்டாதே, யோசனை என்னுடையது. ஸ்கேன் எடுத்தால் என்ன சொல்வார்கள்? கையை ஆட்டாதீங்க என்பார்கள். ஆட்டாமல் கொலுசுக்குத் தகடு எங்கிருந்து வரும்? பவர் மிஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்து உருட்டி வாங்கலாம். அங்கே நம் முறை வருவதற்குள் செவ்வாய்ப்பேட்டையில் ஆர்டர் கொடுத்தவர் நாலு தரம் ஆள் அனுப்பிவிடுகிறார். போகிற வெள்ளியும் திரும்புகிற வெள்ளியும் ஒன்றுதானா என்று உங்க அப்பாவுக்குத் தூக்கமும் வராது.

மோட்டார் பழசு. ஹோட்டல் கிரைண்டரில் ஓடிக்கொண்டிருந்த அரை ஹெச்.பி., பழைய இரும்புக் கடையில் எடுத்தது. நிமிடத்துக்கு 1440 சுற்று. நம் கை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் 30 தாண்டாது. அதனால் நடுவில் ஐம்பதுக்கு ஒன்று என்று ஒரு வார்ம் கியர்பாக்ஸ், திருகு மாதிரி ஒரு தண்டு பல் சக்கரத்தைச் சுற்றுகிற வகை. மோட்டார் 50 சுற்று சுற்றினால் உருளை ஒரு சுற்று. நிமிடத்துக்கு 29க்குப் பக்கம் வருகிறது. "இவ்வளவு வேகத்தைக் குறைச்சா பவர் வீணாப் போகாதா?" என்று உங்க அப்பா கேட்டார். "லாரி ஜாக்கியை நினைச்சுக்கோங்கண்ணா. நீங்க எத்தனை தரம் அழுத்தறீங்க, வண்டி எவ்வளவு ஏறுது? வேகம் போற இடத்துலதான் முறுக்கு வருது" என்றார் லேத்துக்காரர். இந்த வகை கியரில் மூன்றில் ஒரு பங்கு சூடாகவே போய்விடுமாம். ஓடி முடித்ததும் பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் தெரிகிறது. போனது போக மிச்சம் இருப்பதே, ஒரு ஆள் விடாமல் சுற்றுகிற பலத்தைப் போல இரண்டு மடங்கு. கரண்ட் பில்லுக்குப் பயப்படாதே, முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

முதல் நாள் கூத்தைக் கேள். மிஷின் அதே வேப்பங்கட்டையில், மோட்டார் தனி ஸ்டாண்டில். வெறுமனே ஓடும்போது பூ மாதிரி ஓடியது. தகட்டைக் கொடுத்ததும் உருளை சுற்றாமல் ஸ்டாண்டு திரும்பிக்கொண்டது! உருளையை எவ்வளவு முறுக்குகிறதோ அவ்வளவும் எதிர்ப்பக்கம் ஸ்டாண்டின் மேல் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது இரண்டையும் ஒரே இரும்புச் சேனலில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. நடுவில் இரண்டையும் இணைக்கிற, ரப்பர் வைத்த கப்ளிங், அதில் பித்தளைப் பின் ஒன்று. எங்கேயாவது சிக்கினால் பின் அறுந்து மிஷின் தப்பும். இதுவரை இரண்டு பின் போயிருக்கிறது.

நீ பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பயம் நியாயம்தான். கையால் சுற்றும்போது உங்க அப்பா தகட்டைக் கொடுப்பார், நான் கைப்பிடியைப் பிடித்தபடி அவர் விரலையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். இருபத்திரண்டு வருஷம் அந்த விரலைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் உள்ளே போனால் என் கை தானாக நின்றுவிடும். மோட்டாருக்குக் கண் இல்லை. ஒரு நொடியில் பத்து சென்டிமீட்டர் இழுக்கிறது.

மூன்றாம் நாள் தகடு கோணலாகப் போனது. உங்க அப்பா சட்டென்று ரிவர்ஸ் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் அதுபாட்டுக்கு முன்னாலேயே ஓடியது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். சுவிட்ச் கெட்டுவிட்டது என்று நினைத்தோம், கெடவில்லையாம். சிங்கிள் பேஸ் மோட்டாரில் கிளம்புவதற்கென்று ஒரு தனிச் சுருள் இருக்கிறது. எந்தப் பக்கம் சுற்றுவது என்று அதுதான் தீர்மானிக்கிறது. வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கிற சுவிட்ச் அந்தச் சுருளைக் கழற்றிவிடும். அதற்கப்புறம் நீ எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்குக் காதில் விழாது. முழுசாக நின்றபிறகுதான் ரிவர்ஸ். சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே காலால் அழுத்துகிற பெடல் வாங்கி வந்தோம். அழுத்தினால்தான் ஓடும், காலை எடுத்தால் கரண்ட் போய்விடும். என்னைப் பெடலில் உட்காரச் சொன்னார். முடியாது என்றுவிட்டேன். கை யாருடையதோ கால் அவருடையதாக இருக்கட்டும். காலை எடுத்தாலும் மோட்டார் உடனே நிற்காது, வெறும் ஓட்டத்தில் உருளை கால் சுற்று போய்த்தான் நிற்கிறது. கால் சுற்று என்றால் ஐந்து சென்டிமீட்டர், ஒரு விரலுக்கு அது போதும். அதனால் உருளைக்கு முன்னால் தகடு மட்டும் நுழைகிற அளவு இடைவெளி விட்டு ஒரு இரும்புப் பட்டை அடித்திருக்கிறது. கடைசித் துண்டைத் தள்ளுவதற்கு மூங்கில் பட்டை. கையுறை கூடாது, அது மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். நான் வளையல் போடுவதில்லை, அவர் முழுக்கைச் சட்டை போடுவதில்லை. எர்த் கம்பி இழுத்திருக்கிறது. போதுமா?

உனக்குச் சொல்ல நினைத்தது வேறு ஒன்று. 92.5 டச்சில், அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு சுத்த வெள்ளியில், ஒரு ஆர்டர். ஐந்து மில்லிமீட்டர் பட்டையை ஒரு மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். மோட்டார் ஓடுகிற சந்தோஷத்தில் உருளைகளை நெருக்குகிற திருகை இறுக்கி இறுக்கிக் கொடுத்துக்கொண்டே போனோம். வெளியே வந்த தகட்டின் ஓரம் பூராவும் வெடிப்பு, காய்ந்த ஏரி மாதிரி. அத்தனையையும் மறுபடி உருக்கினோம். கேஸும் ஒரு நாள் வேலையும் போனது, கொஞ்சம் சேதாரமும்.

நசுங்க நசுங்க வெள்ளி இறுகும் என்பது நமக்குத் தெரியாதா? கனம் பாதியானதும் காய்ச்ச வேண்டும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மங்கலாகச் சிவக்கும் வரைக்கும், அதற்கு மேல் போகாமல். சிவப்பு மறைந்ததும் தண்ணீரில் போட்டால் மறுபடி மெழுகு மாதிரி வளையும். எல்லாம் தெரியும். ஆனால் எப்போது என்று சொன்னது யார் தெரியுமா? என் தோள். அஞ்சாறு தரம் உருட்டியதும் கைப்பிடி ஒரு மாதிரி மெத்தென்று போகாமல் முட்டிக்கொண்டு வரும். அப்போதே "போதும், காய்ச்சுங்க" என்பேன். அவர் கேலிப்பரில் கனத்தை அளந்து பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். எனக்கே அன்றுதான் தெரிந்தது, நான் இத்தனை வருஷம் வெறுமனே சுற்றிக்கொண்டு இருக்கவில்லை என்று.

லேத்துக்காரரிடம் கேட்டு, மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டுகிற ஒரு ஆம்ப் மீட்டர் வைத்திருக்கிறோம். முள் ஏறினால் வெள்ளி இறுகுகிறது என்று அர்த்தம். உங்க அப்பா முள்ளைப் பார்க்கிறார். நான் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்கிறேன். முள் அசைவதற்கு முன்னாலேயே மோட்டார் அடித்தொண்டையில் முனகும். மூன்று நாளாக நான்தான் முந்துகிறேன்.

கைப்பிடியைப் பழைய இரும்பில் போடவில்லை. வார்ம் கியர் பின்பக்கமாகச் சுற்றாது, அதனால் கப்ளிங்கில் மாட்டியிருக்கும்வரை கையால் அசைக்க முடியாது. நாலு போல்ட்டைத் தளர்த்தி மோட்டாரைப் பின்னால் நகர்த்தினால் கைப்பிடியை மாட்டிக்கொள்ளலாம். கரண்ட் போனாலும், மெல்லிசுத் தகட்டின் கடைசி உருட்டலுக்கும் அதுதான். அதற்கு என் இடது கையே போதும்.

ஸ்கேனுக்கு என்று மறுபடி பணம் அனுப்பாதே. மூன்று நாளாக ஜடையை நானே பின்னிக்கொள்கிறேன். முடிந்தால் வரும்போது ஒரு டிஜிட்டல் கேலிப்பர் வாங்கி வா, அப்பாவுடையதில் கோடெல்லாம் தேய்ந்துவிட்டது. எண் பெரிதாகத் தெரிகிறதா என்று பார்த்து வாங்கு.

அம்மா