அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. தடகளப் போட்டிகளிலும் அறிவியல் கண்காட்சியிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்திருக்கிறார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள். விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் வழங்கப்படும்.

விடுமுறை என்றதும் பிள்ளைகளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. வெளியே போகட்டும், போகத்தான் வேண்டும். எங்கே, யாரோடு போகிறார்கள் என்பதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, பம்மல் பக்கத்திலிருந்து டீக்கடைக்காரர் ஒருவர் பள்ளிக்குப் போன் செய்தார். நம் பள்ளிச் சட்டை அணிந்த பையன்கள் கல்குவாரிக் குட்டையில் குதித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். உடற்கல்வி ஆசிரியர் விரைந்து போனபோது பாறை விளிம்பில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஒரு பையின் மேல், வாழையிலையில் கட்டிய புளியோதரைப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். எல்லோரும் பத்திரமாகக் கரையேறினார்கள். வீட்டுக்குத் தகவல் சொன்னபோது ஒரு தாயார், "பள்ளியிலிருந்து திருநீர்மலைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னானே, சார்" என்றார். அன்று பள்ளி யாரையும் எங்கும் அழைத்துச் செல்லவில்லை.

அந்தத் தாயாரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குட்டைகளைப் பற்றி எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏரியில் கரையிலிருந்து ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும். குவாரி அப்படியல்ல. வெடி வைத்துச் செங்குத்தாகப் பிளந்த பாறை என்பதால் முதல் அடியிலேயே ஆழம் தொடங்கிவிடுகிறது. பிடித்து ஏற விளிம்பு கிடைக்காது. நீருக்கடியில் உடைந்த பாறை முனைகள் கண்ணுக்குத் தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, இப்போது பார்க்க அழகாக வேறு இருக்கின்றன. நீச்சல் தெரிந்தவர்களும் இத்தகைய இடங்களில் உயிரிழந்திருக்கிறார்கள்.

எனவே கண்டிப்பாகவே சொல்கிறேன். என் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் உள்ள சுற்றறிக்கை உங்கள் கைக்கு வராமல் பள்ளிச் சுற்றுலா என்று எதுவும் கிடையாது. சந்தேகம் வந்தால் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். பள்ளியின் பெயரைச் சொல்லி வீட்டை ஏமாற்றும் மாணவர், பெற்றோருடன் என்னைச் சந்தித்த பிறகே வகுப்புக்குள் செல்ல முடியும். "பையன் சொன்னான், நம்பினோம்" என்ற பதிலை, ஒரு பிள்ளை போன பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?

பிள்ளைகளைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. ஒரு நாள் நீங்களே அழைத்துப் போங்கள். பஸ் கட்டணத்தில் போய்வரக்கூடிய தூரத்தில் எவ்வளவோ இருக்கிறது. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது நம் பல்லாவரத்துச் சரளை மண்ணில்தான். இந்தியத் தொல்வரலாற்று ஆய்வுக்கே அது தொடக்கம். இங்கே மலையில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இன்று தர்காவாக இருக்கிறது. வழிபாட்டுத் தலம் என்பதால் அனுமதி கேட்டு, அமைதியாகப் பார்த்து வரலாம். திருநீர்மலையில் பெருமாள் நின்ற, இருந்த, கிடந்த, நடந்த கோலங்கள் நான்கையும் சேவிக்கலாம். பெரியபுராணம் தந்த சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் பக்கம்தான். பரங்கிமலைப் பகுதியில் 1802இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோட்டை, சங்கிலியால் அளந்தார். இந்தியாவை அளந்த பெரும் நில அளவை அந்தக் கோட்டிலிருந்துதான் விரிந்தது. கணக்கு எதற்கு என்று கேட்கும் பிள்ளையை அவசியம் அங்கே அழைத்துப் போங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உங்களில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாள்தான் என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்காக, விடுமுறையில் இரண்டு சனிக்கிழமைகள் ஆசிரியர்களே திருநீர்மலைக்கும் பரங்கிமலைக்கும் அழைத்துச் செல்ல முன்வந்திருக்கிறார்கள். சுற்றறிக்கை இத்துடன் இருக்கிறது. ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்று போன் செய்த டீக்கடைக்காரருக்குப் பள்ளியின் சார்பில் நன்றி. செய்தி கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, ஆசிரியர்களோடு பொறுமையாகப் பேசிய பெற்றோர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்