வேஷம் கட்ட ஒரு கொட்டகை: பாரத விழாக் குழுவினருக்குத் திறந்த மடல்

திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கதையை இரவிரவாகத் தெருக்கூத்தாக ஆடவைக்கும் பாரத விழா எடுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும், தர்மகர்த்தாக்களுக்கும், இரவுக்கு இரவு செலவை ஏற்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

இந்தப் பருவத்தில் ஓர் ஊரில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அது அந்த ஊரின் வழக்காக முடிந்துவிடும்; விஷயம் எல்லா ஊருக்கும் உரியது. அன்று பாஞ்சாலியைச் சூதில் தோற்றுத் துகிலுரியும் கதையான பகடை துயில் கூத்து. பெண்வேஷம் கட்ட வந்தவர்களுக்கு ஒதுக்கிய இடம் கோயில் மதிலுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே இருந்த சந்து. இரண்டு பேர் சேலையைப் பிடிக்க, அதன் மறைவில் உடை மாற்றினார்கள். மதில்மேல் ஏறியிருந்த பிள்ளைகள் அதைக் கைபேசியில் எடுத்து அனுப்பி விளையாடினார்கள். துகிலுரியும் கட்டம் வந்தால் கூத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, துச்சாதனன் வேஷக்காரரே அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம்முடையது. அவ்வளவு பயபக்தி உள்ள சபைக்கு, அதாவது கூத்து ஆடும் களத்துக்கு, பின்னால்தான் இது நடந்தது. மேற்கொண்டு சொல்ல விரும்பவில்லை.

கேட்பது ஒன்றே. நான்கு பக்கமும் அடைத்த, மேலே கூரை போட்ட ஒரு வேஷக் கொட்டகை. மாலை 6 மணிக்குள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

"மூஞ்சிக்குப் பவுடர் போட எதுக்கு இவ்வளவு நேரம், இவ்வளவு இடம்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களே கேட்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். ஆகையால் கட்டைவேஷம், அதாவது மரக்கட்டை அணிகளோடு ஆடும் ராஜவேஷம், எப்படிக் கட்டப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறோம்.

துரியோதனனை எடுத்துக்கொள்வோம். முதலில் முகத்தைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவ வேண்டும். எண்ணெய் அதிகமானால் மேலே போடும் வண்ணம் வழுக்கும். குறைந்தால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அடுத்து, எண்ணெயில் குழைத்த சிவப்பை நெற்றியிலிருந்து கழுத்துவரை ஒரே சீராக இழுக்க வேண்டும். அந்தக் காலத்தில் முகப்பூச்சுக்கு உதவிய அரிதாரம் ஆர்சனிக் உள்ள மஞ்சள் கல். இன்று பெரும்பாலும் கடையில் வாங்கும் வண்ணப் பொடிகள்தான். அடிவண்ணம் படிந்த பிறகு மையால் புருவம், கண்கோடு, மீசை. கடைசியில் மீசை ஓரத்திலும் கன்னத்திலும் முத்துவெள்ளை என்னும் வெள்ளைப் பூச்சால் கோடும் புள்ளியும். ஈர்க்குச்சி நுனியால் வைக்கும் அந்தப் புள்ளிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒன்று இழுபட்டால் அந்தக் கன்னத்தையே துடைத்துவிட்டுச் சிவப்பிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொருவரும் பாயில் சம்மணம் போட்டு, ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தம் முகத்தைத் தாமே எழுதுகிறார்கள். இதைச் செய்துவிட வேறு ஆள் கிடையாது.

முகம் முடிந்ததும் சலங்கை. அதை முதலிலேயே கட்டியாக வேண்டும். இடுப்பு கட்டிய பிறகு குனிய முடியாது. இடுப்பைச் சுற்றி வைக்கோல் பிரியோ பழந்துணித் திண்டோ இறுக்கி, அதன்மேல் மடித்த சேலைகளை அடுக்கடுக்காகச் செருகிக் குடைபோல விரிக்கிறார்கள். எதை வைத்துத் திண்டு கட்டுவது என்பது ஜமாவுக்கு ஜமா, அதாவது கூத்துக் குழுவுக்குக் குழு, மாறும். ஆனால் எப்படிக் கட்டினாலும் பின்னால் ஒருவர் முழங்காலை முட்டுக் கொடுத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். அதற்குப் பிறகு சட்டை, மார்புப் பதக்கம், தோளில் புஜக்கட்டை, காதோரம் கன்னக்கட்டை. தலையில் துணியை இறுக்கிச் சுற்றி, சபைக்குப் போகும் நேரத்தில் கிரீடம். முகத்துக்கும் உடுப்புக்கும் சேர்த்து இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். அவசரப்பட்டு இதைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதைச் சபையில் நீங்களே பார்க்கலாம். கிறிக்கி அடித்து, அதாவது வேகமாகச் சுழன்று, ஆடும்போது கிரீடம் பின்னால் சரியும். ஆடுகிறவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே சுற்றுவார். துரியோதனன் கர்வமாக நிற்க வேண்டிய இடத்தில் கிரீடத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்பார்.

அந்தக் கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கி, ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. மரம் இலேசு என்பதால்தான் இரவெல்லாம் தாங்க முடிகிறது. இலேசு என்பதால்தான் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஒரு தூறல் விழுந்தால் போதும், பசை இளகிக் கண்ணாடி உதிரத் தொடங்கும். ஜிகினாவின் நிறம் மங்கினால் திரும்ப வராது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் முனை ஒடியும். புதிதாகச் செதுக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்பதை உங்கள் ஊருக்கு வரும் ஜமாவை நடத்தும் கூத்து வாத்தியாரைக் கேட்டுப் பாருங்கள். பெட்டியைத் திறந்து ஆகாயத்தின் கீழே பரப்பச் சொல்கிறவர்கள் இதையெல்லாம் நினைப்பதில்லை.

திறந்தவெளியில் முகம் எழுதுவதன் தொல்லை இன்னும் நுணுக்கமானது. முகம் முழுக்க எண்ணெய். காற்றடித்தால் புழுதி அதில் வந்து ஒட்டும். கையால் தள்ளினால் வண்ணம் கலையும். அப்படியே விட்டால் வியர்வை வரும்போது மணல்போல அறுக்கும். தலைக்கு மேல் விளக்கு எரிந்தால் பூச்சிகள் வரும். சித்திரை, வைகாசியில் கோடைமழை பெய்த மறுநாள் ஈசல் வந்தால் சொல்லவே வேண்டாம், ஈர முகத்தில் இறகோடு ஒட்டிக்கொள்ளும். ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார வைத்தால் கையில் பிடித்த கண்ணாடி அதிர்கிறது. அதிர்கிற கண்ணாடியைப் பார்த்து நேர்கோடு போட முடியுமா என்று வீட்டில் சவரம் செய்யும்போது ஒரு நாள் சோதித்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. திண்டு கட்டி இடுப்பை இறுக்கிய பிறகு சிறுநீர் கழிக்க முடியாது. எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்பக் கட்ட அரை மணிக்கு மேல் ஆகும். அதனால் கட்டைவேஷக்காரர்கள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கோடை இரவில், அவ்வளவு துணிக்குள், அடித்தொண்டையில் பாடிக்கொண்டு, கிறிக்கி அடித்துக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் விடியவிடிய ஆடுகிறார்கள். பெண்களுக்கு வேஷம் கட்டும் முன்பும் போக இடமில்லை. ஊருக்கு வெளியே இருட்டில் ஒருவருக்கொருவர் துணையாக நடக்க வேண்டும். ஆண்களே பெண்வேஷமும் கட்டிய காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. இன்று பெண்கள் பாஞ்சாலியாகவும் சுபத்திரையாகவும் வருகிறார்கள், கட்டைவேஷமும் கட்டி ஆடுகிறார்கள். அவர்கள் ஆடுவதை விரும்பிப் பார்க்கிற ஊர், அவர்கள் எங்கே உடை மாற்றுவார்கள் என்று மட்டும் யோசிக்காமல் இருப்பது எப்படி?

துரியோதனன் சாகும் பதினெட்டாம் போர் அன்று நிலைமை இன்னும் மோசம். இரவில் எழுதிய முகத்தோடு துரியோதனனும் பீமனும் காலை வெயிலில் படுகளம் என்னும் போர்க்கள வெளிக்கு வருகிறார்கள். மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஓடி, ஊர் முழுக்கப் பார்த்து முடித்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்த பிறகே அந்த வண்ணத்தைக் கலைக்க முடியும். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது போகாது. முதலில் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்து, பழந்துணியால் துடைத்து, பிறகு சோப்பும் வெந்நீரும் வேண்டும். அந்த நேரத்தில் ஊரில் எல்லோரும் தீமிதி வேலையில் இருப்பார்கள். வெந்நீர் கேட்டால் கேட்டவரைத்தான் பார்ப்பார்கள்.

விளக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இப்போது பல ஊர்களில் சபைக்கு நிறம் மாறும் எல்.இ.டி. விளக்குகளைக் கட்டுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் கட்டுகிறீர்கள், சந்தேகமில்லை. ஆனால் பச்சையோ நீலமோ ஆன வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிய துரியோதனன் முகம், திரை விலகும் அந்த நொடியில் அடுப்புக்கரி பூசியதுபோல நிற்கும். சிவப்பு வெளிச்சம் விழுந்தால் கிருஷ்ணனின் பச்சைக்கும் அதே கதி. முத்துவெள்ளைப் புள்ளிகள் அந்தந்த விளக்கின் நிறத்துக்கே மாறிவிடும். வேஷத்தின் நிறத்தை வைத்துத்தான் பாத்திரத்தை அடையாளம் காண்கிறோம். அதை அழித்துவிட்டுப் பிறகு "இப்பல்லாம் வேஷம் எடுப்பா இல்லையே" என்று வாத்தியாரிடம் குறைப்படுவது நியாயமா? வெள்ளை விளக்கு நான்கு போதும். செலவும் மிச்சம்.

செலவு என்றதும் நினைவுக்கு வருகிறது. அதே விழாவின் கடைசி நாளில் இன்னிசைக் கச்சேரி நடக்கிறது. பாடுகிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் அறை, மின்விசிறி, காவலுக்கு இரண்டு ஆள். தொலைக்காட்சித் தொடரில் தலைகாட்டியவர் பத்து நிமிடம் வந்து கையசைத்துவிட்டுப் போக, தலைவர் வீட்டு ஏ.சி. அறை. தவறில்லை, விருந்தினர்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி கர்ணன் சாகும் நேரத்தில் மட்டும் காவல் நிலையத்துக்கு நினைவு வருகிறது, கச்சேரிக்கு மறந்துபோகிறது. இருக்கட்டும். நகரத்து அரசு விழா மேடையில் கூத்துக்குக் கொடுக்கும் நேரம், கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் வந்து கும்பிட்டுப் போகவே சரியாக இருக்கிறது. அதற்கும் மூன்று மணி நேரம் வேஷம் கட்டத்தான் வேண்டியிருக்கிறது. கலையைக் காப்பாற்றுவோம் என்று எழுதிய பதாகையைத் தாங்கியிருந்த சவுக்குக் கழிகள் எண்ணிக்கையில் ஒரு கொட்டகைக்குத் தாராளமாகக் காணும்.

மன்னிக்க வேண்டும், கோபம் எங்கோ போய்விட்டது. உங்களிடம் கேட்க வந்தது கொட்டகை மட்டுமே. அதன் அளவையும் சொல்லிவிடுகிறோம்.

பதினைந்து பேர் உள்ள ஜமாவுக்கு 20 அடி நீளம், 15 அடி அகலம் போதும். கீற்றோ தகரமோ, எது கிடைத்தாலும் சரி. பக்கங்களை ஆறடி உயரத்துக்குக் குறையாமல் அடைக்க வேண்டும். உள்ளே ஒரு மூலையில் பத்தடிக்கு எட்டடி தனியாகத் தடுத்து, பெண்களுக்கென்று தனி வாசல் விட வேண்டும். சபைக்குப் பின்பக்கம், முப்பது நாற்பது அடி தூரத்துக்குள் அமைந்தால் கிரீடத்தோடு கூட்டத்துக்குள் முட்டி மோதி வர வேண்டியிருக்காது. ஜெனரேட்டர் மறுபக்கம் இருக்கட்டும். விளக்கை உச்சியில் கட்டாதீர்கள். உட்கார்ந்து எழுதுகிறவர் புருவத்துக்குக் கீழே நிழல் விழும், கண்கோடு போட முடியாது. தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் கயிறு கட்டி, இரண்டு பேருக்கு ஒன்றாக 9 வாட் பல்பு தொங்கவிட்டால் சரியாக இருக்கும். உடுப்புத் தொங்கவிடத் தலை உயரத்தில் இன்னொரு கயிறு. தரையில் தார்ப்பாய், அதன்மேல் பாய். வாசலில் 200 லிட்டர் டிரம் ஒன்றில் தண்ணீர், விடிந்ததும் இரண்டு அண்டா வெந்நீர். பக்கத்திலேயே ஒரு கழிப்பறை. கட்ட முடியாத ஊரில், அருகில் உள்ள பள்ளியின் சாவியை அந்த இரவுகளுக்கு வாங்கி வைத்தால்கூடப் போதும். வாசலில் உங்கள் ஆள் ஒருவர். பிள்ளைகளை விரட்ட அவர் உள்ளூர்க்காரராக இருந்தால்தான் எடுபடும்.

மாலை 6 மணி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 10 மணிக்கு மேளக்கட்டு என்னும் தொடக்க வாசிப்பு, அதன்பின் கட்டியங்காரன், 11 மணி அளவில் முதல் கட்டைவேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். அதற்கு 8 மணிக்காவது முகத்தில் கை வைக்க வேண்டும். பெட்டி இறக்கி, பூசை போட்டு, சாப்பிட்டு முடிக்க இரண்டு மணி நேரம். கொட்டகைக்குக் கழி நடுவதே 9 மணிக்கு என்றால், அந்த ஊரில் துரியோதனன் 1 மணிக்கு முன் வர மாட்டார். தாமதத்துக்கான வசவு மட்டும் வாத்தியாருக்குத்தான் விழுகிறது.

தாம்பூலம் மாற்றும் நாளில் தொகை, தேதி, எந்த இரவு எந்தக் கூத்து என்று ஒரு தாளில் எழுதிக்கொள்கிறீர்கள். அதே தாளில் "அடைத்த வேஷக் கொட்டகை, மாலை 6 மணிக்குள், பெண்களுக்குத் தனித் தடுப்பு, கழிப்பறை" என்று ஒரு வரியைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். அந்த வரி இல்லாத தாளில் வருகிற பருவத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று எங்களுக்குத் தெரிந்த ஜமாக்களிடம் சொல்லியிருக்கிறோம். தவறாக எண்ண வேண்டாம்.

இப்படிக்கு,
கூத்து ஜமாக்களோடு பெட்டி தூக்கும் சிலர்