முன்பருவக் கல்விப் பொருட்களின் செலவைக் குறைக்க உத்தரவு வேண்டி மனு

அனுப்புநர்:
அங்கன்வாடிப் பணியாளர்கள்,
……… வட்டாரம்.

பெறுநர்:
மாவட்டத் திட்ட அலுவலர் அவர்கள்,
ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள்,
……… மாவட்டம்.

பொருள்: முன்பருவக் கல்விப் பொருட்களைத் தேவைப் பட்டியல்படி வழங்கவும், தீரும் பொருட்களை அந்தந்த அங்கன்வாடி மையமே வாங்கவும், உடைந்தவற்றை இருப்பிலிருந்து கழிக்கவும் உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம்.

எல்லா மையங்களுக்கும் ஒரே மாதிரிப் பெட்டி வருகிறது. அதில் உள்ள கட்டைகள், புதிர் அட்டைகள், பிளாஸ்டிக் விலங்குகள் பல ஆண்டு உழைப்பவை. தாள், கிரேயான், பசை தீர்ந்துகொண்டே இருப்பவை. முதல் வகை பீரோவில் இரண்டு மூன்று செட்டாகச் சேர்கிறது. இரண்டாவது வகை அரையாண்டு தாங்குவதில்லை. 25 குழந்தைகளுக்கு நாளுக்கு ஒரு தாள், மாதம் 20 நாள் என்றாலே 500 தாள், ஒரு முழு ரீம்.

எனவே, கொள்முதலுக்கு முன் ஒவ்வொரு மையத்திடமும் இருப்பு, குறை, மிகுதி என ஒரு பக்கப் பட்டியல் வாங்க வேண்டுகிறோம். மிகுதியை மாதாந்திரக் கூட்டத்திலேயே மையங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். மிச்சமாகும் தொகையை, தீரும் பொருட்களுக்காக ஜூனிலும் ஜனவரியிலும் இரு தவணையாக மையத்துக்கே அளித்தால் ரசீதுடன் கணக்குக் காட்டுவோம்.

தாள் செலவைக் குறைக்க முதல் வழி சுவர்க் கரும்பலகை. தரையிலிருந்து அரை அடி விட்டு, இரண்டரை அடி உயரம், 12 அடி நீளம் போதும். பத்துக் குழந்தைகள் ஒரே நேரத்தில் நின்று கிறுக்கலாம். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் கரும்பலகை பெயிண்ட் போதும். சுண்ணாம்பு அடித்த சுவரில் அப்படியே பூசினால் சுண்ணாம்போடு சேர்ந்து பெயிண்டும் செதில் செதிலாக உரியும். சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே பூச வேண்டும். கோட்டுக்குக் கோட்டு ஒரு நாள் இடைவெளி வேண்டும். ஓதமேறிய சுவர் ஆகவே ஆகாது. காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுதும் தேய்த்துத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் முதலில் எழுதியது அழியாத தடமாக நின்றுவிடும்.

இரண்டாவது வழி, ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் கழிவாகும், ஒருபக்கம் மட்டும் அச்சான தாள்கள். அவற்றை மையங்களுக்கு வழங்கக் கடிதம் எழுதித் தர வேண்டுகிறோம். ஸ்டேப்ளர் பின்னை நாங்களே அகற்றிவிடுவோம். ஆதார் எண்ணோ பயனாளி விவரமோ உள்ள தாள்களை அந்த அலுவலகத்தாரே பிரித்துவிட வேண்டும்.

கிரேயான் துண்டுகளை வீணாக்கத் தேவையில்லை. காகித உறையை உரித்து, நிறவாரியாகப் பிரித்து, பழைய எவர்சில்வர் டம்ளரில் போட்டு, கொதிக்கும் நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கலாம் (குழந்தைகள் போன பிறகுதான்). டம்ளரை நேரடியாக அடுப்பில் வைத்தால் மெழுகு தீப்பிடிக்கும். கிளறாமல் ஊற்றினால் நிறம் அடியில் தங்கி, மேலே வெறும் மெழுகுதான் நிற்கும். பேப்பர் கப்பில் ஒரு விரற்கடை உயரம் ஊற்றி, ஆறியதும் கப்பைக் கிழித்தால் தடித்த வில்லை கிடைக்கும். மூன்று வயதுப் பிள்ளை முழுக்கையால் பிடிக்கத் தோதானது, மெல்லிய குச்சி போல ஒடியாது.

கடைக் களிமண்ணுக்குப் பதில் மைதா 2 டம்ளர், தூள் உப்பு 1 டம்ளர், எண்ணெய் 2 தேக்கரண்டி, தண்ணீர் முக்கால் டம்ளரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைந்தால் போதும். உப்பைக் குறைத்தால் இரண்டு நாளில் புளித்து நாறும். மூடிய டப்பாவில் ஏறக்குறைய ஒரு வாரம் தாங்கும். மழைக்காலத்தில் உப்பு ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும்போது உலர் மாவு தூவினால் சரியாகும். சத்துமாவையோ மதிய உணவு இருப்பையோ இதற்குத் தொடுவதில்லை என்பதையும் பதிவுசெய்கிறோம்.

செலவில்லாப் பொருள் எல்லாமே பாதுகாப்பானது அல்ல. புளியங்கொட்டையும் மணியும் மூக்கிலும் தொண்டையிலும் போய்விடும். மூன்று வயதுக்குட்பட்டோர் கையில் அவற்றைத் தருவதில்லை. மூடி ஒட்டிய பாட்டிலில் அடைத்துக் கிலுகிலுப்பையாகவே தருகிறோம். கொட்டாங்குச்சியின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்த பின்பே கொடுக்கிறோம்.

கடைசியாக, முக்கியமானது. பொம்மை உடைந்தாலும் இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை குறையக் கூடாது என்ற அச்சத்தில் பல மையங்களில் பொருட்கள் பூட்டியே கிடக்கின்றன. அரசு பணம் கொடுத்து வாங்கிப் பீரோவுக்குள் வைத்திருப்பதைவிடப் பெரிய விரயம் இல்லை. குழந்தைகள் விளையாடி உடைந்தவற்றை, ஆண்டுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் நேரில் பார்த்துக் கையொப்பமிட்டுக் கழிக்கவும், அதற்காகப் பணியாளரிடம் தொகை பிடிக்கக் கூடாது எனவும் எழுத்துப்பூர்வ உத்தரவு வழங்கப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அங்கன்வாடிப் பணியாளர்கள்

இடம்: ………
நாள்: ………

இணைப்பு: மையவாரியான இருப்பு, குறை, மிகுதிப் பட்டியல்